கதையைச் சரக்காக்கும் சொற்களுக்கு மாற்றுச் சொல் கட்டுவது எப்படி?

சித்திரையில் ஒரு நாள், பாகூர் பக்கத்தில் ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடியக் கூத்து. கர்ண மோட்சம். பொன்னுருவி கர்ணனைப் போருக்கு அனுப்பிவிட்டு நிற்கிற இடத்தில் என் மகள் தாவணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். விடிந்து ஸ்கூட்டரில் திரும்புகிறோம். கிருமாம்பாக்கம் தாண்டியதும் பின்னாலிருந்து கேட்டாள்: “அம்மா, மகாபாரதம் எவ்ளோ பெரிய ஐபி இல்ல?”

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. அழுத கண் காயவில்லை, அதற்குள் அந்தக் கதைக்கு அவள் வாயில் வந்த பெயர் ஐபி. ‘இன்டலெக்சுவல் ப்ராப்பர்ட்டி’ என்பதன் சுருக்கம், கதையைச் சொத்தாகச் சொல்கிற தொழில் பேச்சு. அவளைக் குறை சொல்ல முடியாது. நான் வீட்டிலிருந்தபடியே ஓடிடி நிறுவனங்களுக்குத் தமிழில் கதைச்சுருக்கமும் சப்டைட்டிலும் எழுதுகிறேன். நாள் முழுக்கப் போனில் கன்டென்ட், ஐபி, ஃபிரான்சைஸ், யூனிவர்ஸ், என்கேஜ்மென்ட் என்றுதான் பேச்சு. அவள் காதில் விழுந்தது என் வாயிலிருந்துதான்.

அந்த வாரமே முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் கூட ஆரம்பித்தோம். ஓய்வுபெற்ற தமிழ் ஐயா ஒருவர், பக்கத்து வீட்டு சொல்தா தாத்தா (சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய்), பாகூரில் நிலம் வைத்திருக்கும் அண்ணன், கடலூர் முதுநகரிலிருந்து பஸ் பிடித்து வரும் என் அத்தை, எதிர்வீட்டு அக்கா, நான், மகள். இரண்டு வருஷமாகிறது. நாற்பது சொற்களுக்கு மேல் கட்டிப் பார்த்திருக்கிறோம், பதினொன்று நிலைத்திருக்கிறது. எங்களுக்குக் கைவந்த முறையை எழுதுகிறேன். உங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்தால் நீங்களும் செய்யலாம்.

வாக்கியத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆனால் சொல்லை மட்டும் எழுதி அதற்கு நேராக அர்த்தம் தேடாதீர்கள். நாங்கள் முதல் மாதம் அப்படித்தான் செய்தோம், ஒன்றும் நடக்கவில்லை. யார், எப்போது, எப்படிச் சொன்னார் என்று முழு வாக்கியமாகக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

‘கன்டென்ட்’ எங்கள் நோட்டில் இப்படி வந்து சேர்ந்தது. “படத்துல கன்டென்ட் இருக்கு.” “அவன் டெய்லி கன்டென்ட் போடுறான்.” “என் தம்பி கன்டென்ட் ரைட்டர்.” “அந்த ஆப்ல தமிழ் கன்டென்ட் கம்மி.” நாலும் எழுத்தில் ஒரே சொல், வேலை நாலு விதம். முதல் வாக்கியத்தில் அது ‘விஷயம்’. “படத்துல விஷயம் இருக்கு” என்று நம் அப்பாக்கள் சொல்லிக்கொண்டுதானே இருந்தார்கள்? இரண்டாவதில் ‘வீடியோ’, அவ்வளவுதான். மூன்றாவது ‘எழுத்தாளர்’. அந்தத் தம்பி எழுதித்தான் சம்பாதிக்கிறார், அந்தப் பெயரை அவருக்குக் கொடுக்க நாம் ஏன் தயங்க வேண்டும்? நாலாவதில் மட்டும்தான் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ஒரு பொதுச்சொல் தேவைப்படுகிறது. அங்கே ‘படைப்புகள்’ சரியாக உட்கார்ந்துவிட்டது.

கவனித்தீர்களா, இதில் புதுச்சொல் ஒன்றுகூட இல்லை. பாதி நேரம் பழைய சொல்லே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், நாம்தான் பார்ப்பதில்லை. புதிதாகக் கட்டுவது கடைசி வேலை.

‘கன்ஸ்யூம்’ என்பதும் இப்படியே தீர்ந்தது. படித்தேன், பார்த்தேன், கேட்டேன். மூன்று வினைச்சொல்லை ஒன்றாகக் கொட்டிக் கிளறத் தேவையே இல்லை.

பேசுகிறவர் எங்கே நின்று பேசுகிறார்?

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ‘கன்டென்ட்’ என்கிற ஆள் கிடங்கு வாசலில் நிற்கிறார். அவருக்கு டப்பா முக்கியம். டப்பாவை நிரப்ப ஏதாவது வேண்டும், அது கதையாக இருந்தால் என்ன, சமையல் குறிப்பாக இருந்தால் என்ன. ‘கன்ஸ்யூமர்’ என்கிறவர் கல்லாப்பெட்டி பக்கம் நிற்கிறார். கூத்துக்களத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிற என் அத்தையின் இடத்திலிருந்து பார்த்தால் இந்த இரண்டு சொல்லும் பிறக்கவே பிறக்காது.

அதனால் இது ஆங்கிலத்தை விரட்டுகிற வேலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘உள்ளடக்கம்’ என்பது நல்ல தமிழ்தான். ஆனால் அதுவும் அதே கிடங்கு வாசலில்தான் நிற்கிறது, உடை மட்டும் வேட்டி. மறுபக்கம் பாருங்கள், ‘நாவல்’ வெளியிலிருந்து வந்த சொல். 1879-இல் வேதநாயகம் பிள்ளை முதல் நாவலை வெளியிட்டதிலிருந்து நம் வாயில் புழங்கிப் பழகிவிட்டது. எங்கள் புதுச்சேரியில் இன்றைக்கும் கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் அரசாங்கப் பலகையிலேயே எழுதுகிறார்கள். பிரெஞ்சுச் சொல் என்று யாருக்கும் உறுத்துவதில்லை. திசைச்சொல்லுக்கும் தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறார். கதையைக் கதையாகப் பார்க்கிற சொல்லாக இருந்தால் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இருக்கட்டும். கதையைச் சரக்காகப் பார்க்கிற சொல்லைத்தான் மாற்ற வேண்டும்.

‘ஃபிரான்சைஸ்’ வந்த சனிக்கிழமை

இந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் ஐந்து வாரம் செலவழித்தோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

“இந்த ஃபிரான்சைஸ்ல நாலாவது படம்” என்று நான் நோட்டிலிருந்து வாசித்ததும் சொல்தா தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். “ஃபிரான்ஷீஸா? அது நல்ல குணம்மா. மனசுல ஒளிவுமறைவு இல்லாம பேசுறது” என்றார். இன்றைய பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு முதலில் வருகிற பொருள் அதுதான். வேரில் இருப்பது ‘கட்டில்லாதவன்’ என்கிற கருத்து. அது ஆங்கிலத்துக்குப் போய் ஒருவருக்குக் கொடுக்கிற உரிமை ஆனது, வாக்குரிமை ஆனது, அப்புறம் பெரிய கடையின் பெயரில் நாம் கிளை திறக்க வாங்குகிற அனுமதி ஆனது. கடைசியாகத்தான் சினிமாவுக்குள் வந்தது. அதாவது ஒரு கதையிலிருந்து இன்னொரு கதை வருவதை, ஒரு டீக்கடையின் பெயரில் இன்னொரு டீக்கடை வருவது போலப் பார்க்கிற சொல் இது.

பாரதத்தில் அப்படியா நடந்தது? அல்லி அர்ச்சுனனை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையை ஆண்ட அல்லி வியாசர் சொன்ன கதையில் இல்லை. நம் மக்கள் பாடிப் பாடி உண்டாக்கினார்கள், கூத்தில் வைத்தார்கள். யாரும் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த குழந்தை இன்னொரு காப்பியத்தின் நாயகி ஆனாள். அந்த இரண்டையும் சேர்த்து இரட்டைக் காப்பியம் என்றோம். ஒரு வயிற்றுப் பிள்ளைகளைச் சொல்வது போல.

அந்தப் பேச்சிலிருந்துதான் சொல் வந்தது. தமிழ் ஐயா ‘கதைக்குடும்பம்’ என்றார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மகள் “குடும்பக்கதைன்னு மாத்திக் கேக்குது ஐயா” என்றாள். நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. அடுத்த வாரம் அத்தை ஒரு சொத்துத் தகராறுப் பேச்சுக்கு நடுவே “எங்க கொடிவழில அஞ்சு தலைமுறை” என்றார். அதுதான். கொடிவழி என்றால் வம்சம். கொடி என்றால் படர்வது, எங்கே பற்றுக்கோடு கிடைக்கிறதோ அங்கே தொற்றி ஏறுவது. கதைக்கொடி. “இந்தக் கதைக்கொடியில் நாலாவது படம்.” சொல்லிப் பாருங்கள், வாய்க்குள் சுலபமாகப் புரள்கிறது.

கிருமாம்பாக்கத்தில் மகள் சொல்ல வந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு கதையிலிருந்து இத்தனை கதை படர்ந்திருக்கிறதே என்கிற வியப்பு. அதைச் சொல்ல அவளிடம் ஐபி மட்டும்தான் இருந்தது.

பழைய பெட்டியைத் திறங்கள்

கதை பேசுகிறவர்கள் ஆயிரம் வருஷமாக இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் சொல் இருக்கும். இலக்கணம், கூத்து, பத்திரிகை, வயல் என்று நாலு இடத்தில் தேடுங்கள்.

நன்னூல் எங்களுக்குப் புதையலாக இருந்தது. நூல் மூன்று வகை என்கிறது அது: முதல், வழி, சார்பு. வழிநூல் என்றால் முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துப்போய், பின்னால் வருகிறவர் தனக்கு வேண்டிய மாறுதல்களைச் செய்வது. ரீமேக் என்று நாம் சொல்வதும் இதைத்தானே! எனவே மூலத்துக்கு ‘முதற்கதை’, ரீமேக்குக்கு ‘வழிக்கதை’. சார்பு நூலுக்கு நன்னூலில் இன்னொரு பெயர் உண்டு, புடைநூல். புடை என்றால் பக்கம், ‘புடைசூழ வந்தார்’ என்கிறோமே, அதே புடை. ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போகிற நூல். ‘ஸ்பின்-ஆஃப்’ என்பதற்கு ‘புடைக்கதை’ என்று வைத்தோம்.

எதிர்வீட்டு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “எனக்கு முறத்துல புடைக்கிறதுதான் ஞாபகம் வருது. கிளைக்கதைன்னே சொல்லிட்டுப் போலாமே” என்றார். நியாயமான கேள்வி. பேசிப் பார்த்ததில் இரண்டும் வேண்டும் என்று தெரிந்தது. வனவாசத்தில் தருமனுக்குச் சொல்லப்படும் நளன் கதை பாரதத்துக்குள்ளேயே இருக்கிறது, அது கிளைக்கதை. அல்லி வெளியே தனி வீடு கட்டிக்கொண்டு நிற்கிறாள், அது புடைக்கதை. மாற்றுச் சொல் தேடப்போய் ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒரு வேறுபாடு கையில் கிடைத்ததில் எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

‘ரீபூட்’ வயலிலிருந்து வந்தது. பழைய படங்களை மறந்துவிட்டு அதே நாயகனோடு கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள் என்று நான் விளக்கினேன். கம்ப்யூட்டருக்குச் சொல்கிற ‘மறுதொடக்கம்’ உயிரில்லாமல் கிடந்தது. பாகூர் அண்ணன் யோசித்துவிட்டு, “மழையில பயிர் அழுகிப் போச்சுன்னா அதே நிலத்துல புது நாத்து வாங்கி மறுநடவு போடுவோம். அதுவா?” என்றார். அதேதான். நிலம் பழையது, நாற்று புதிது. எங்கள் பக்கத்து விவசாயிக்கு அது எத்தனை வலியோடு வருகிற சொல் என்பதும் தெரியும். நோட்டில் எழுதும்போது அதையும் சேர்த்தே எழுதினேன்.

பத்திரிகைகளிலிருந்து தொடர்கதை, தொடரும், முற்றும் என்று எல்லாமே தயாராக இருக்கின்றன. எடுத்துப் புழங்க வேண்டியதுதான்.

சேர்க்கும்போது பார்க்க வேண்டியவை

சந்தி பிழையானால் சொல் நொண்டும். கதை + கொடி கதைக்கொடி, கதை + உலகம் கதையுலகம். ட, ர, ல போன்ற எழுத்தில் தொடங்குகிற புதுச்சொல் கட்ட வேண்டாம், தமிழ்ச்சொல் அப்படித் தொடங்குவதில்லை. ஐந்தாறு எழுத்துக்குள் முடிந்தால் நல்லது. ‘கள்’, ‘இல்’, ‘ஐ’ ஒட்டிப் பாருங்கள், நாக்கு தடுக்கினால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. அந்தச் சொல் ஏற்கெனவே வேறு எங்கேயாவது கெட்ட பெயர் வாங்கியிருக்கிறதா? இரண்டு கதைகளின் ஆட்கள் ஒரே படத்தில் சந்திப்பதற்கு ‘கதைச்சந்தி’ என்று ஆசையாகக் கட்டினேன். தெருவிலும் சந்தி, இலக்கணத்திலும் சந்தி. அத்தை கேட்டதும், “சந்தி சிரிக்கும்னு சொல்லுவாங்களேடி” என்றார். ஒரு மாதம் வைத்திருந்து பார்த்தேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் யாராவது அதையே சொன்னார்கள். விட்டுவிட்டேன். இப்போது ‘கதைகள் சந்திக்கிற படம்’ என்று மூன்று சொல்லாகவே எழுதுகிறேன், குறையொன்றும் இல்லை.

ரொம்ப அழகான சொல்லும் தோற்கும். ‘யூனிவர்ஸ்’ என்பதற்குத் தமிழ் ஐயா ‘கதைத்திணை’ என்றார். நிலமும் அதற்குரிய வாழ்க்கையும் சேர்ந்ததுதான் திணை, ஆகவே பொருளில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் படித்தவர்களுக்கு மட்டும் கதவு திறந்தது. ‘கதையுலகம்’ என்றபோது எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஐயாவுக்கு வருத்தம்தான். இப்போதும் அவர் கடிதங்களில் கதைத்திணை என்றே எழுதுகிறார், எழுதட்டும்.

காசு பேச வேண்டிய இடத்தில் காசையே பேசுங்கள்

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அழகான சொல் வைத்துவிட்டு, யார் சம்பாதிக்கிறார் என்பதை மறைத்துவிடக் கூடாது. ‘ஐபி’ என்கிற சொல்லின் கோளாறே அதுதான். கதையையும், கதையின் உரிமையையும், உரிமை வைத்திருக்கிறவரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. ‘அறிவுசார் சொத்து’ என்று தமிழாக்கினாலும் மூட்டை அவிழ்வதில்லை. பதிப்புரிமை வேறு, கண்டுபிடிப்புக்கான காப்புரிமை வேறு, வணிகச் சின்னம் வேறு. மூன்றுக்கும் சட்டம் தனித்தனி.

எனவே இரண்டாகப் பிரியுங்கள். கதையைப் பேசும்போது ‘கதை’. உரிமையைப் பேசும்போது எந்த உரிமை என்று பெயர் சொல்லுங்கள்: பதிப்புரிமை, மொழிபெயர்ப்பு உரிமை, திரைப்பட உரிமை. இந்தியாவில் 1957 சட்டப்படி எழுத்தாளர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் அவர் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. பாரதியார் பாடல்களின் உரிமை 1949-இல் அரசின் கைக்கு வந்தது, பிறகு பொதுவானது. அதற்கு நாம் வைத்திருக்கிற சொல்லைப் பாருங்கள், நாட்டுடைமை. யாருடையது என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. உரிமை பற்றிச் சொல் கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது.

என் வேலையில் இதைப் போராடித்தான் கொண்டுவந்தேன். ஒரு நிறுவனம் அனுப்பிய படிவத்தில் ‘ஐபி ஓனர்’ என்று ஒரு கட்டம் இருந்தது, நாவலை எழுதியவர் பெயருக்குக் கட்டமே இல்லை. நான் ‘கதை எழுதியவர்’, ‘திரைப்பட உரிமை வைத்திருப்பவர்’ என்று இரண்டு வரியாக எழுதி அனுப்பினேன். மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நாலாவது முறை ஏற்றுக்கொண்டார்கள்.

வாயில் போட்டுப் பாருங்கள்

சொல் தயாரானதும் விளக்கம் சொல்லாமல் வாக்கியத்தில் வைத்துப் பேசுங்கள். குறைந்தது மூன்று பேரிடம்: ஒரு பிள்ளை, ஒரு வயதானவர், கடை வைத்திருக்கிற ஒருவர். “என்னது?” என்று ஒருமுறை கேட்டால் பரவாயில்லை, அடுத்த நாளும் கேட்டால் சொல்லில்தான் குறை. போனிலும் சொல்லிப் பாருங்கள், இரைச்சலில் வேறு சொல்லாகக் கேட்கிறதா என்று தெரிந்துவிடும். நான் சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது மகளிடம் சொல்லிப் பார்ப்பேன். அலைச்சத்தத்தை மீறி ஒரு சொல் காதுக்குப் போனால் அது பிழைக்கும்.

அவசரப்படவும் வேண்டாம். எங்கள் ஊரில் 1908 முதல் பத்து வருஷம் இருந்த பாரதியாருக்கே ‘மெம்பர்’ என்பதற்குத் தமிழ் அகப்படவில்லை. அவயவி, உறுப்பாளி என்று ஏதேதோ யோசித்து, ஒன்றும் மனதுக்குப் பொருந்தாமல் மெம்பர் என்றே எழுதிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். பிறகு ‘உறுப்பினர்’ வந்தது. இன்று அது புதுச்சொல் என்று யாருக்காவது தோன்றுகிறதா? ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்வேன். கிடைக்காத சொல்லுக்குப் பொய்யாக ஒன்றை ஒட்டவைக்காமல், கிடைக்கவில்லை என்று எழுதினாரே!

எங்கள் நோட்டிலும் ஒரு பக்கம் அப்படி இருக்கிறது. ‘என்கேஜ்மென்ட்’. எத்தனை பேர் எத்தனை நிமிஷம் திரையை விட்டுப் போகவில்லை என்கிற கணக்கு. ‘ஈடுபாடு’ என்று போடலாம், ஆனால் ஈடுபாடு மனசைப் பற்றியது, அவர்கள் எண்ணுவது நிமிஷத்தை. பாகூர்க் கூத்து வாத்தியாரிடம் கேட்டேன், “ராத்திரி நல்லா எடுபட்டுச்சுன்னு எதை வச்சுய்யா சொல்லுவீங்க?” முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “ஜனம் அசையல. குழந்தைய மடி மாத்தறதுக்குக்கூட அசையல. அதான்” என்றார்.

அசையாமை என்று எழுதிப் பார்த்தேன், கல்லைச் சொல்வது போல இருக்கிறது. அடித்துவிட்டேன். அவர் சொன்ன வாக்கியத்தை மட்டும் அந்தப் பக்கத்தின் மேலே எழுதி வைத்திருக்கிறேன். கீழே இடம் காலியாக இருக்கிறது. அடுத்த சித்திரையில் மறுபடி போய்க் கேட்க வேண்டும்.